முந்நூற்று நான்கில் பட்ட பாடு

பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்பது லேசுப்பட்ட தொழில் அல்ல. பின்பக்கம் சாயும், தலைக்கு மேல் விளக்கு எரியும், பக்கத்தில் துப்புவதற்குக் கிண்ணம் இருக்கும் அந்த நாற்காலியைப் புதிதாக மாட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. முதல் நாலைந்து நோயாளிகள் அதில் உட்கார்ந்து எழும்வரை விற்றவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று, வலி வந்தால் முகம் எந்தப் பக்கம் கோணும், முனகல் எந்த இடத்தில் கிளம்பும், கண்ணோரம் எப்போது ஈரமாகும் என்பதெல்லாம் நம் நாற்காலிக்காரருக்கு அத்துப்படியாகிவிட்டது. இந்தக் கல்வியால் கம்பெனியில் அவருக்கு ஒரு பதவி உயர்வும் கிடைக்கவில்லை. வீட்டில்தான் கிடைத்தது.

மாதம் ஒருமுறை அவர் பெரிய நகரத்துக்கு டூர் போவார். தங்குவது எப்போதும் ஒரே ஹோட்டல். அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் மேனேஜர் பதில் சொல்லாமல் லிஃப்டைக் காட்டுவார். வரவேற்பறைச் சுவரில் மூன்று கடிகாரங்கள் மூன்று தேசத்து நேரத்தைக் காட்டும். உள்ளூர் நேரம் தெரிய வேண்டுமானால் ரிசப்ஷன் பெண்ணைத்தான் கேட்க வேண்டும். மூலையில் உள்ள பிளாஸ்டிக் செடியை அவர்கள் துடைக்கிற அக்கறையைப் பார்த்துவிட்டு, பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

நாற்காலிக்காரருக்கு அங்கே 304. மெத்தையில் விழுந்தால் அது ஒரு தடவை பெருமூச்சு விட்டு அவரை உள்ளே வாங்கிக்கொள்ளும். திரைச்சீலையின் கனத்துக்கு, விடிந்ததைக் கூட யாராவது ஃபோன் போட்டுத்தான் சொல்ல வேண்டும். காலையில் அவர் தலை மாடிப்படியில் தெரிந்ததும் ஆம்லெட் போடுகிறவர் முட்டையைக் கையில் எடுத்துவிடுவார். மூன்றாம் மாடிக்குப் பொறுப்பான ரூம் சர்வீஸ் மீசைக்காரர், சாருக்கு எது எப்படி வேண்டும் என்பதைச் சாரே மறந்த பிறகும் நினைவில் வைத்திருப்பார்.

இந்த உண்மைகளில் ஒன்றாவது பதினோரு வருஷத்தில் அவர் வீட்டு வாசலைத் தாண்டியது கிடையாது.

டூர் முடிந்து வருகிற அன்று டாக்ஸியைத் தெருமுனையிலேயே நிறுத்தி இறங்கிவிடுவார். அங்கே மருந்துக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைமுடியைக் கலைப்பார். சட்டையை ஒரு பக்கம் மட்டும் வெளியே இழுத்துவிடுவார். தோளை ஓர் அங்குலம் கீழே இறக்குவார். மருந்துக்கடைக்காரர் இதைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறார். ஆனால் அடுத்தவர் வியாதியை வெளியே சொல்லாதது அவர் தொழில் தர்மம்.

வீட்டில் காத்திருக்கும் மனைவி பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவர். லீவு லெட்டர்களைப் படித்துப் படித்து, பொய்யை வாசனையிலேயே பிடித்துவிடுவார் என்று பள்ளியில் பெயர். புருஷன் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த மூக்குக்கு ஜலதோஷம்.

"தலையணை எப்படிங்க இருந்துச்சு?"

"செங்கல்லுக்கு உறை போட்டு அதைத் தலையணைன்னு சொன்னா, தலையணை இருந்துச்சு."

"சாப்பாடு?"

இதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார். கண்ணை மூடுவார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு முந்திய நொடியில் நோயாளிகள் மூடுவார்களே, அந்த மாதிரி.

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் மனைவியின் அண்ணன் இந்த விசாரணையை மாடிப்படியில் நின்று கேட்பார். கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்வார்: "மாப்ள படுக்கட்டும். டூர் போயிட்டு வந்திருக்காரு." நாளடைவில் இது அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. டூர் முடிந்த வாரத்தில் நாற்காலிக்காரர் காய்கறி வாங்கப் போக வேண்டாம். தண்ணீர் மோட்டார் தகராறைப் பேச எதிர்வீட்டுக்குப் போக வேண்டாம். கேஸ் சிலிண்டர் வந்தால் மச்சானே, தன் இடுப்பு வலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மாடி ஏற்றித் தருவார். நாற்காலிக்காரரின் கால்கள் அப்போது உப்புப் போட்ட வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

ஆனால் எந்தக் கலைஞனுக்கும் சரக்கு ஒருநாள் தீரும். செங்கல் தலையணை பழசாகிவிட்டது. குழாயில் வந்த பழுப்புத் தண்ணீர்க் கதையையும் வீட்டில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. போன மாதம் வேறு வழியில்லாமல் ஓர் எலியை இறக்கினார்.

"ராத்திரி நெஞ்சு மேல ஏறி நடந்துச்சு. நான் அசையல."

"ஏன் அசையல?" என்றார் மனைவி.

"அதுக்கும் பாவம், போக வேற இடம் ஏது."

எலியோடு நிறுத்தியிருக்கலாம். அதன்மேல் ஊற்றிய கருணைதான் அவரைக் கவிழ்த்தது. மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அடுத்த மாசம் நானும் வரேன்."

"நீயா? அங்கயா? வேணாம்மா. ஒரு வீட்ல ஒருத்தர் பட்டாப் போதாதா?"

"இத்தனை வருஷம் ஒத்தையில பட்டீங்க. போதும்."

மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டிலிருந்து இரண்டு தலையணை, போர்வை, கொசுவர்த்தி, ஒரு கேன் நிறையத் தண்ணீர் எல்லாம் பெட்டிக்கு அருகே வந்து சேர்ந்தன. மச்சான் தன் பங்குக்கு ஓர் இரும்பு எலிப்பொறி வாங்கி வந்து, ஸ்பிரிங்கை விரலால் சுண்டிக் காட்டினார். "மாப்ள அடிக்க மாட்டாரு, அவரு மனசு அப்படி. நீ வெச்சிரும்மா."

நாற்காலிக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஹோட்டலின் கண்ணாடிக் கதவை மனைவி ஒருமுறை தள்ளித் திறந்துவிட்டால் சட்டம் போச்சு, வெந்நீர் போச்சு. மிச்சமிருக்கும் காலமெல்லாம் சிலிண்டர்தான். மறுநாள் ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கி ஹோட்டலுக்கு ஃபோன் போட்டார்.

"இந்தத் தடவை எனக்கு 304 வேணாம்மா."

"ஏன் சார், ஏதாவது குறையா?" என்றது ரிசப்ஷன் பெண்ணின் குரல்.

"குறையே இல்ல. அதான் பிரச்சினை. உங்ககிட்ட இருக்கறதுலயே மட்டமான ரூம் எது?"

"அப்படி எந்த ரூமும் நம்மகிட்ட இல்ல சார்."

"சரி, மேனேஜருக்குப் பிடிக்காத சொந்தக்காரங்க வந்தா எங்க போடுவீங்க?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "107 சார்."

"அதைக் கொடு. அப்புறம் இன்னொண்ணு. நான் வரும்போது என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

அந்தப் பெண் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள். கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினாள். தம்பதி வந்து நின்றதும் நாற்காலிக்காரரை, சுவரில் புதிதாக விழுந்த விரிசலைப் பார்ப்பது போலப் பார்த்து, "இதுக்கு முன்னாடி நம்ம ஹோட்டல்ல தங்கியிருக்கீங்களா சார்?" என்றாள்.

மனைவிக்குச் சுருக்கென்றது. "மாசாமாசம் வராரு. மூஞ்சி கூடத் தெரியலையாமே," என்று புருஷன் காதில் சொன்னார்.

"விடு, பெரிய ஊரு," என்றார் தியாகி.

107 அவருடைய எதிர்பார்ப்பையும் மிஞ்சி நின்றது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். சமையலறைப் புகைபோக்கி அந்த இடுக்கில்தான் மூச்சு விட்டது. கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. மனைவி உட்கார்ந்ததும் அது அவரை மெதுவாகக் கதவுப் பக்கம் சாய்த்தது.

"இங்கயா படுத்தீங்க, இத்தனை வருஷமும்?"

"பழகிடுச்சும்மா."

அந்த ஒரு சொல்லைச் சொன்ன முகத்தை எந்தப் பல் டாக்டர் பார்த்திருந்தாலும் உடனே ஊசியை எடுத்திருப்பார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலிக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாய் இருமி இருமி விட்ட தண்ணீரில் முகம் கழுவி, கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒருமுறை சிரித்துக்கொண்டார். வெளியே வந்தபோது அறையில் மனைவி இல்லை. பையில் எலிப்பொறியும் இல்லை.

கீழே ரிசப்ஷன் மேஜையில், மணிக்குப் பக்கத்தில், பொறி உட்கார்ந்திருந்தது.

"மேனேஜரைக் கூப்பிடுங்க."

கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே மேனேஜர் வந்தார். அப்போதுதான் பெட்டிகளோடு உள்ளே நுழைந்த ஒரு குடும்பம் பொறியைப் பார்த்து நின்றது.

"என் வீட்டுக்காரர் நெஞ்சு மேல எலி ஏறி நடந்திருக்கு," என்றார் மனைவி. "நல்ல மனுஷன், அதைத் தொரத்தக் கூட இல்ல. அவரைப் போய்ச் செங்கல் மேல படுக்க வெச்சிருக்கீங்க."

"மேடம், கொஞ்சம் மெதுவா..."

"எலி மெதுவாவா நடந்துச்சு?"

பெட்டிக் குடும்பம் ஓரடி பின்வாங்கியது. ரிசப்ஷன் பெண் கொடுத்த வாக்கை உதட்டால் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து, கையில் காலித் தட்டோடு மீசைக்காரர் வெளியே வந்தார். எலி என்ற சொல் காதில் விழுந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த ரூம்லம்மா எலி?"

"எங்க வீட்டுக்காரரு, பல் டாக்டர் நாற்காலி விக்கறவரு, எப்பவும் தங்கற ரூம்ல. 107."

"யாரு, நம்ம நாற்காலி சாரா? சார் 107-ல காலே வெச்சதில்லையேம்மா. அவருக்கு 304. என் மாடி." மீசைக்காரரின் குரலில் ஒரு காவல் அதிகாரியின் மிடுக்கு ஏறியது. "மூணு தலையணை சாருக்கு. ரெண்டு தலைக்கு, ஒண்ணு முழங்காலுக்கு நடுவுல. பஞ்சு கெட்டியா இருந்தாக் கழுத்துப் பிடிக்கும்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன், வேற யாருக்கும் தர்றதில்ல. அந்த ரூமுக்குள்ள எலி போகணும்னா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் போகணும். சாருக்கு ஏ.சி. பதினாறுல இருந்தாத்தான் தூக்கமே வரும்."

"பதினாறா?" என்றார் மனைவி. "வீட்ல ஃபேனை ரெண்டுல வெச்சாலே சளி பிடிக்குதுன்னு அணைக்கச் சொல்வாரே."

நாற்காலிக்காரர் படியிறங்கி வந்து சேர்ந்த கணம் அதுதான்.

"வாங்க சார்," என்றார் மீசைக்காரர். "நீங்களே சொல்லுங்க. என் மாடில எலியா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பெட்டிக் குடும்பமும் பார்த்தது. இருக்கு என்றால் மீசைக்காரரின் மானம் போகும், இல்லை என்றால் பதினோரு வருஷத்துத் தியாகம் போகும். அவர் இரண்டையும் சொல்லாமல் கண்ணை மூடினார், கடைவாய்ப் பல் முகத்தோடு. திறந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியைப் பார்க்கும் பார்வையாக அது இல்லை. ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் காய்ச்சல் என்று லெட்டர் கொண்டுவந்தவனைப் பார்க்கிற பார்வை. ஜலதோஷம் நீங்கிவிட்டது.

மனைவி பொறியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார். "304 காலியா இருக்கா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"இருக்கு மேடம்."

"மாத்திடுங்க."

304-இல் மனைவி முதலில் விளக்கையெல்லாம் போட்டார். மெத்தையை உள்ளங்கையால் அமுக்கினார். திரைச்சீலையை விரலிடுக்கில் வைத்துக் கனம் பார்த்தார். வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். கதவருகே எலிப்பொறியோடு நின்றிருந்த நாற்காலிக்காரருக்கு, திட்டினால் கூடத் தேவலை என்றிருந்தது. கடைசியில் மனைவி கட்டிலில் ஏறிப் படுத்தார். இரண்டு தலையணை தலைக்கு, ஒன்று முழங்காலுக்கு நடுவில்.

"ஏங்க."

"என்னம்மா."

"அந்த ஏ.சி.யைப் பதினாறுல வைங்க."

வைத்தார்.

"கீழ ஃபோன் பண்ணி டீ சொல்லுங்க. ஒண்ணு போதும். நீங்க பாடுபட்டுப் பழகினவரு, நம்ம கேன் தண்ணியைக் குடிச்சுக்கங்க."

அதையும் செய்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "உங்க அண்ணன்கிட்டச் சொல்லிடுவியா?"

பதிலில்லை. மனைவி தூங்கிவிட்டிருந்தார். அல்லது, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லாமலிருப்பது அவருக்கும் கைவந்துவிட்டது.

மிச்ச நாட்களில் நாற்காலிக்காரர் பல் டாக்டர்களைத் தேடி அலைந்தார். மனைவி கீழே ரொட்டியும் பழமும் தீரும்வரை உட்கார்ந்து சாப்பிட்டார். ஆம்லெட்டில் மிளகாய் எவ்வளவு என்பதை ஆம்லெட்காரர் இரண்டாம் நாளே மனப்பாடம் செய்துவிட்டார். மீசைக்காரர் துண்டை வாத்து மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் சாருக்கு அவர் ஒரு வாத்தும் மடித்ததில்லை. வீட்டிலிருந்து வந்த தலையணையோடு கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டு, பதினாறு டிகிரியில் போர்வை கிடைக்காமல், நாற்காலிக்காரர் அந்த அறையில் முதல் தடவையாக உண்மையிலேயே பாடுபட்டார்.

ஊர் திரும்பியதும் டாக்ஸியைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னவர் மனைவிதான். மருந்துக்கடைக் கண்ணாடி வந்ததும் நாற்காலிக்காரரின் கை பழக்கத்தில் தலைமுடிக்குப் போனது.

"தள்ளுங்க," என்றார் மனைவி.

கண்ணாடிக்கு முன்னால் தான் நின்று, தன் நெற்றியில் இரண்டு இழை முடியை மட்டும் இறக்கிவிட்டார். தோளை ஓர் அங்குலம் தாழ்த்தினார். உதட்டை நாக்கால் ஈரப்படுத்தப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த நுணுக்கம் பதினோரு வருஷத்தில் நாற்காலிக்காரருக்குத் தோன்றியதே இல்லை. மருந்துக்கடைக்காரர் குனிந்து மாத்திரை எண்ண ஆரம்பித்தார்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?"

மனைவி சுவரில் கை ஊன்றி நின்றார். "அதை ஏண்ணே கேக்குற."

"தலையணை?"

"செங்கல்லு."

"எலி?"

கண்ணை மூடினார். "ரெண்டு."

அண்ணன் தங்கை கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"பொறியை அங்கயே வெச்சிட்டு வந்துட்டேண்ணே. இனிமே இவரை ஒத்தையில அனுப்ப மனசு வராது. மாசாமாசம் நானும் போய்ப் பாதியை வாங்கிக்கறேன்."

"நீ போய்ப் படும்மா," என்றார் அண்ணன். "வெந்நீர் நான் அண்ணிகிட்டச் சொல்றேன்."

மனைவி படியேறினார். வழக்கம் போல நாற்காலிக்காரரும் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் கிளம்பினார்.

"மாப்ள, நீங்க எங்க போறீங்க?" என்றார் மச்சான். "அவ படுக்கட்டும். டூர் போயிட்டு வந்திருக்கா. சிலிண்டர் வந்து காலையிலேர்ந்து கீழ நிக்குது."

நாற்காலிக்காரர் வாயைத் திறந்தார். சொல்லவேண்டிய உண்மை ஒன்று இருந்தது, அதைச் சொன்னால் தன்னைப் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு சிலிண்டரைத் தோளில் ஏற்றினார்.

மாடிப்படியின் திருப்பத்தில் அதை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோணினார். பல் நாற்காலியில் கற்றது எதுவும் அதில் கலந்திருக்கவில்லை, முழுக்கச் சொந்தச் சரக்கு. அவர் வாழ்நாளில் காட்டியதிலேயே சிறந்த வலி அதுதான். பார்க்க ஆள்தான் இல்லை. மேலேயிருந்து, களைத்துப்போன ஒரு குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, வந்ததும் அந்த ஃபேனை அஞ்சுல வைங்க."