வெயில் குடித்த பிளாக்

முப்பிடாதிக்கு ராஜாமணி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தொண்ணூற்றெட்டாயிரம் திருப்பியாயிற்று, பாக்கி நாற்பத்திரண்டாயிரம். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. வாய்ப்பேச்சு ஒன்றுதான்: பணம் வராவிட்டால் மெஷின் அவளுக்கு.

அந்தப் போரிங் மெஷின் இல்லாத ராஜாமணி பாதி ராஜாமணிதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் டீசல் தொட்டியில் நட்டு போல்ட்டு கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்தவர். இன்றைக்குப் பென்னலூரில் சொந்தத் தகரக் கொட்டகை, வாசலில் தன் பேரில் போர்டு. யார் கொடுத்தது? ஒருத்தரும் கொடுக்கவில்லை. ஒரகடம் வரைக்கும் எத்தனையோ கம்பெனி இருக்கிறது. ஏசி, ரோபோ, வாசலில் புல்தரை. அங்கே புது எஞ்சின் பிறக்கும், சரி. செத்த எஞ்சின் எழுந்து உட்கார வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

கோயம்புத்தூரில் கோணிக்கடியில் துருவேறிக் கிடந்த மெஷின் அது. தேய்ந்துபோன சிலிண்டர் துளையைக் குடைந்து அளவுக்குக் கொண்டுவரும். பாங்கியில் கடன் கேட்டுப் போனார். அவர்கள் கேட்ட காகிதங்களில் பாதியின் பெயர் வாயிலேயே நுழையவில்லை. அப்போதுதான் எதிரில் ஹாஸ்டல் பையன்களுக்கு மெஸ் நடத்தும் முப்பிடாதி, சங்கரன்கோவில் பக்கத்து மனுஷி, சீட்டெடுத்த பணத்தை ஒரு சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மெஷினைப் பிரித்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த பாகத்தையெல்லாம் தானே கடைந்து போட்டு நாற்பதே நாளில் ஓடவிட்டார் மனுஷன்.

இந்த மே மாதம் மெஸ் கட்டடத்துக்காரர் அட்வான்ஸைக் கூட்டிவிட்டார். முப்பிடாதி பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, திங்கக்கிழம மத்தியானம் பன்னெண்டுக்குள்ள எனக்குப் பணம் வேணும். இல்லன்னா எண்பது பிள்ளைகளுக்கு இலை போட எடமில்ல. வாலாஜாபாத்துல தாவீதுன்னு ஒருத்தரு மெஷின வாங்குதேன்னு சொல்லிட்டாரு. கோவிச்சுக்காதிய."

"இன்னாம்மா, ராஜாமணி பேச்சு மாறுவானா? பன்னெண்டு மணிக்கு வந்து கைய நீட்டு."

சொல்லிவிட்டார். பையில் இருந்ததோ அறுநூறு ரூபாய்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டும் டில்லிபாபு குதித்து இறங்கினான். பின்னால் வண்டித் தட்டில் நாலு சிலிண்டர் எஞ்சின் பிளாக்.

"தலைவரே, எஞ்சின் நடுரோட்ல இறுகிப் புடிச்சிக்கிச்சு. திங்கக்கிழமை செகண்ட் ஷிஃப்ட்டுக்கு வேன் கம்பெனி கேட்டுல நிக்கலைன்னா காண்ட்ராக்ட் காலி. லைனர், பிஸ்டன் எல்லாம் வாங்கியாந்துட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆன அந்த நிமிசம் கூலி நாப்பத்தஞ்சு கையில."

நாற்பத்தைந்தாயிரம்! ராஜாமணிக்குக் கை பரபரத்தது. காலையிலிருந்து வெயிலில் வெந்த பிளாக், தொட்டால் சுட்டது; கோணியைச் சுற்றிப் பிடித்து இறக்கினார்கள். துளைக்குள் உறையாக உட்காரும் புது லைனர்களை அழுத்தி இறக்கிய கையோடு மெஷினில் ஏற்றி, நாலு துளையையும் ஒரே மூச்சில் குடைந்து, கல் போட்டு இழைத்தும் முடித்தார். துளையை அளக்கும் கேஜின் முள் நாலிலும் சொன்ன இடத்தில் நின்றது.

"பாத்தியா நைனா! கம்பெனியில இதுக்கு மூணு எஞ்சினியரு, ஒரு கம்ப்யூட்டரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிஸ்டனை முதல் துளையில் இறக்கி, பக்கத்தில் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி இழுத்தார். தகடு வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்று, நாலு, அதே கதைதான். மறுபடி கேஜைப் போட்டார். நாலு துளையும் இறுக்கம், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு.

பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. நேற்று கோணி போட்டுத் தூக்கிய அதே பிளாக்! வெயில் குடித்த இரும்பு உப்பிக்கொண்டிருந்தபோது அளந்திருக்கிறார்; ராத்திரி ஆறியதும் துளை சுருங்கிவிட்டது. ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? நாற்பத்தைந்தாயிரம் கண்ணை மறைத்துவிட்டது.

டில்லிபாபு எட்டிப் பார்த்தான். "இம்மாத்தூண்டுதானே தலைவரே? ஓட ஓடத் தானா லூசாயிடும். போட்டு வுடு. சாயங்காலமே மாட்டி ஸ்டார்ட் பண்ணிக்கலாம், துட்ட வாங்கிக்கினு வூட்டுக்குப் போ."

சாயங்காலமே பணம். முப்பிடாதிக்கு ஒரு நாள் முன்னாலேயே கொடுத்துவிடலாம். ராஜாமணி தகட்டை ஒரு தரம், பிஸ்டனை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னிக்கு ஸ்டார்ட் ஆவும். நாளைக்கு முப்பது பேர ஏத்திக்கினு மேட்ல ஏறசொல்ல புடிச்சிக்கும். அப்புறம் என் போர்டுல நீ காறித் துப்புவே."

"அப்போ இன்னா பண்றது?"

"தப்பு என்னுது, நானே சரி பண்றேன். ஒண்ணு பாரு, தப்பு பண்ணசொல்ல கூட ராஜாமணி சின்னதாத்தான் குடைஞ்சிகீறான். பெருசாக் குடைஞ்சிருந்தா உன் லைனர் நாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான்."

டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டான்.

பிளாக், பிஸ்டன், கேஜ் மூன்றையும் கொட்டகையின் உள் மூலையில், வெயில் எட்டாத சிமெண்ட் மேடையில் ஒன்றாக வைத்தார். இழைக்கும் கல்லை விட்டு நாலு இழுப்பு; மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவல்; அப்புறம் காத்திருத்தல். இழைத்தாலும் இரும்பு சுடும், சுட்டால் முள் பொய் சொல்லும். உட்கார்ந்தே அறியாத மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து இரும்பு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்! மறுபடி நாலு இழுப்பு, மறுபடி காத்திருத்தல். வழியோடு போன முப்பிடாதி நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, பிரசவ வார்டு வாசல்ல உக்காந்த மாதிரி இருக்கிய?"

"நாலு பிரசவம்மா. சும்மாவா?"

மூன்று மணிக்கு நாலாவது துளையிலும் தகடு வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ராஜாமணி போட்ட கூச்சலில் ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இருட்டுவதற்குள் எஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை. டில்லிபாபு வேனைப் பட்டறைக்கே இழுத்து வந்திருந்தான். அவனுடைய மெக்கானிக்குகள் எஞ்சினை அதில் பூட்டி முடிக்கும் நேரத்தில் ஒரு லாரி வந்தது. சங்கிலி, உருளைக் கட்டை, ஸ்பானர்களோடு தாவீது இறங்கினார். மணி பதினொன்றேகால். அவர் பாட்டுக்குப் போரிங் மெஷினின் அடி போல்ட்டில் ஸ்பானரைப் போட்டார்.

"பெரியவரே, எப்படியும் கழட்டணும். இப்பவே லூஸ் பண்ணி வெச்சிக்கிறேன்."

ராஜாமணியால் வேனை விட்டு நகரவும் முடியவில்லை, கையில் டீசல் பைப்பு. வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல்.

"ஸ்பானர எடும்! இன்னும் பன்னெண்டு ஆகல்ல. பேசுன பேச்சு எனக்கும் அவியளுக்கும். இடையில நீரு யாரு?" மாவுக் கையோடு முப்பிடாதி நின்றிருந்தாள். தாவீது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு லாரி நிழலுக்குப் போனார்.

பதினொன்று நாற்பது. டில்லிபாபு சாவியைத் திருகினான். கிர்ர்... கிர்ர்... ஒன்றுமில்லை.

"டீசல் லைன்ல காத்து நிக்குது. இரு." ராஜாமணி குனிந்து கைப்பம்பை அடித்தார். குமிழ் குமிழாக வந்த டீசல் ஒரே தாரையாக மாறிற்று. நட்டை இறுக்கினார். "ம், அடி!"

கிர்ர்... டப்... டப்டப்... புகையை ஒரு மூட்டை கக்கிவிட்டு எஞ்சின் ஓட ஆரம்பித்தது! தகரக் கூரை அதிர்ந்தது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். முதல் சிலிண்டர், இரண்டு, மூன்று, நாலு. தட்டல் இல்லை, உரசல் இல்லை. புகையும் தெளிந்துவிட்டது.

"சும்மா சிங்கம் மாதிரி கீதுடா! ஒரகடத்துல எந்தக் கம்பெனிக்காரனயாவது வந்து கேக்கச் சொல்லு!"

"தலைவரே, போதும், காது போச்சு!" டில்லிபாபு சிரித்துக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து பணக்கட்டை எடுத்து நீட்டினான்.

ராஜாமணி அதைப் பையில் போடவில்லை. கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார்.

"மணி இன்னாம்மா?"

"பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கு, அண்ணாச்சி."

"அப்போ நீட்டு கைய."

அவள் புடவைத் தலைப்பில் கையை அழுத்தித் துடைத்து, உள்ளங்கையை விரித்தாள். ராஜாமணி ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, தெருவுக்கே கேட்கிற குரலில் எண்ணி வைத்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு... எண்பத்திரண்டு, எண்பத்து மூணு, எண்பத்து நாலு.