கோயில் பணம் என்று நான் சொன்னேன்

நோர்வூட் பாலத்தைத் தாண்டி அட்டன் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது, என் துண்டில் இரண்டு ரொட்டிகள் இருந்தன. என் தங்கை சுட்டுக் கட்டிக் கொடுத்தவை. அவளுடைய படிப்பைக் கெடுத்தவன் நான். அது தெரியாமல் கட்டிக் கொடுத்தாள்.

சொல்லிவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை உங்களிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இரக்கப்படாதீர்கள். எனக்கு அது பிடிக்காது.

அவள் பெயர் பாக்கியம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எஸ்.எஸ்.சி. தேறிய முதல் பெண். திருச்சியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதம் வந்த அன்று, வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயமே திரண்டுவந்து அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தது. நானும் தொட்டேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திப் புல் வெட்ட அனுப்பியபோது எவராவது திரண்டார்களா?

கடல் கடந்து படிக்கப் போக அனுமதி வேண்டும். அதற்கு ஒரு வருடச் செலவுக்கான பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு சட்டம் போட்டு எங்கள் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். வாக்கைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய கையை நீட்டியே, ‘பணம் இருக்கிறதா, காட்டு’ என்றார்கள்! மூன்று தலைமுறையாக அந்த மலையில் முதுகொடிந்தவர்களிடம் என்ன இருக்கும்... சொல்லுங்கள், என்ன இருக்கும்?

உண்மையில் அவ்வளவு பணம் தேவையே இல்லை. கட்டணத்தைக் கல்லூரியே தள்ளுபடி செய்திருந்தது. சோறும் படுக்கையும் திருச்சியில் தாய்மாமன் வீட்டில். ஆனால் மாமன் வீட்டுச் சோற்றை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்தில், முத்திரையோடு, முழுத் தொகை வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் என்னிடம் மட்டுமே இருந்தது. நான் ஓரிடத்தில் தங்காதவன். அட்டனில் பேக்கரி, பிறகு லொறி, பிறகு மறுபடியும் தோட்டம். பேக்கரி முதலாளி திறந்து கொடுத்த புத்தகம் அது. ஏழு ரூபாய் கிடந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் கருப்பையா ஒரு வழி சொன்னார். மாரியம்மன் திருவிழாவுக்காகச் சம்பளத்துக்குச் சம்பளம் சேர்த்த பணம் அவருடைய தகரப் பெட்டியில் இருந்தது.

“அத ஒம் புத்தகத்துல போட்டுக் காட்டுடா. திருவிழாவுக்குள்ள எடுத்துக் குடுத்துரு.”

“சாமி காசுங்க தலைவரே,” என்றார் அப்பா.

“ஆத்தாளுக்கு ஒரு மாசம் பொறுக்கத் தெரியாதா? புள்ள படிச்சு வந்து பத்துத் தேரு இழுக்கும். நீ சும்மா இருய்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சாமியின் பணத்தை என் பெயரில் போட்டார்கள். என்னை நம்பினார்கள்... அவர்கள் செய்த பிழை அது ஒன்றுதான்.

அனுமதி விசாரணைக்கு நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது பாக்கியம் எனக்குப் பாடம் நடத்தினாள்.

“அண்ணே, பணம் ஒங்களுதான்னு கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதும் பேசிறாதீங்க. ஒங்க வாயி தோட்டத்துக்கே தெரியும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசாங்கக் கந்தோரில் அவளை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்கள். அதிகாரி நாற்காலியைக் காட்டினார். ஒரு கந்தோரில் நான் உட்கார்ந்தது அன்றுதான். அவர் புத்தகத்தைப் புரட்டினார். ஏழு ரூபாய்க்கு அடுத்த வரியில் அத்தனை பெரிய தொகை!

“இது உன்னுடைய பணமா?”

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கண்ணாடிச் சன்னலில் பாக்கியம் தெரிந்தாள். காலில் இரவல் செருப்பு. மடியில் அந்தக் கடிதம். இவள் போய்விடுவாள்... நான் இங்கேயே புல் வெட்டிக்கொண்டிருப்பேன்...

“இல்லைங்க சார். கோயில் பணம். காட்டுறதுக்காகப் போட்டது.”

“உண்மையைச் சொன்னாய். நல்லது,” என்றார். விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

இதை நேர்மை என்பீர்களா? சொல்லிப் பாருங்கள், உங்கள் முகத்தில் துப்புவேன்! பொறாமை அது. வாழ்நாளில் எத்தனையோ பொய் சொன்னவன், ஒரு பொய் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் உத்தமனானேன்.

வெளியே வந்து அவளிடம், “நம்மளுக்குப் பிரஜாவுரிமை இல்லையாம். முடியாதுன்னுட்டான்,” என்றேன்.

நம்பினாள். லயமும் நம்பியது. நம்புவதற்கு எவ்வளவு எளிதான பொய்! அந்தச் சட்டம் எங்களுக்கு அத்தனை அநியாயம் செய்திருந்ததால், இன்னொன்றைக் கேட்டு எவரும் திடுக்கிடவில்லை. தலைவர் அரசாங்கத்தைத் திட்டிக் காறித் துப்பினார். அந்த எச்சில் என் மேல் விழுந்திருக்க வேண்டும். சட்டத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நானும் சேர்ந்து திட்டினேன்.

அந்தச் சட்டத்தை இன்றும் வெறுக்கிறேன். எங்களை அழித்ததற்காக வெறுக்கிறேன். என்னைக் காப்பாற்றியதற்காக அதைவிட வெறுக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தேர் ஓடியது. மறுவாரம் பாக்கியம் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றாள்.

“காலேஜு பஸ்ஸு இந்தப் பக்கம் வராதே தாயி,” என்றார் கங்காணி. நாலு பேர் சிரித்தார்கள்.

“வந்தா ஒங்களையும் ஏத்திக்கிறேன் கங்காணி. மொதல்ல பேரு பதிங்க.”

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவளிடம், வேலை தேடிப் போகிறேன் என்றேன். விரல்களில் தேயிலைக் கறை ஏறியிருந்தது. அந்தக் கையாலேயே ரொட்டி தட்டினாள்.

“அண்ணே, எனக்காக அந்த ஆளுகிட்ட எவ்வளவு கெஞ்சியிருப்பீங்க... மனசுல வச்சுக்காதீங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் இருந்ததே! தோட்டத்துக்கே தெரிந்த வாய்! துண்டை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அட்டனைத் தாண்டும்போது பசித்தது. ரொட்டிகளைத் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகலை ஸ்டேசன் வாங்கில் முடங்கிக் கிடந்தேன்.

மறுநாள் காலை கடைவீதியில் ஒரு மரக்கறிக் கடை. முதலாளி முஸ்லிம், வயதானவர்; ‘நானா’ என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தோட்டத்த உட்டு ஏன் வந்தீங்க?”

“ஒரு பொய் சொல்லிட்டேங்க நானா. அங்க இருக்க முடியல.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “பொய் சொன்னேன்னு உள்ளத சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். நில்லுங்க, வேல இருக்கு.”

உண்மை பேசியதற்காக எனக்குக் கிடைத்த இரண்டாவது நல்ல பெயர் அது.

உருளைக்கிழங்கு மூட்டைகளைக் காட்டினார். குனிந்து, முதல் மூட்டையை முதுகில் ஏற்றினேன்.