பச்சைத் திரையில் விழுந்த குழி

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. சத்தியமாக நடந்தது. ரூபினி அன்று ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதுவும் மெஷினிடம்.

தைப்பூச விடுமுறை. ஊரே தண்ணீர்மலைக் கோயிலில் இருந்தது. பாயான் லெப்பாஸ் ஆய்வுக்கூடத்தில் ரூபினி மட்டும் தனியாக இருந்தாள். பக்கத்துத் தொழிற்சாலைகள் ஓய்ந்தால்தான் தரை அதிராது, அளவு சரியாக வரும். அளக்க வேண்டியது விண்வெளித் தொலைநோக்கிக்கான கண்ணாடி. எடை குறைய வேண்டுமென்று அப்பளம்போல் மெலிதாகச் செய்திருந்தார்கள். அது சும்மாவே வளையும். பின்புறம் அறுபத்து நான்கு குட்டி மோட்டார்கள் தள்ளியும் இழுத்தும் அதைச் சரிசெய்யும். திரையில் புடைப்பு சிவப்பாகவும் குழி நீலமாகவும் தெரியும். சரியான வடிவம் என்றால் பச்சை.

மணி 2.14. நடுவில் ஒரு சிவப்பு.

உள்ளங்கை அளவு... பிறகு ஐந்து விரல்கள்.

சூடு பட்டிருக்கும் என்று நினைத்து, திருத்தும் கட்டளையை அழுத்தினாள். டிக்... டிக். மோட்டார்கள் ஓடும் சத்தம். கை மறைந்தது. அடுத்த நிமிடம் இரண்டு கைகள். பின்னாலிருந்து யாரோ ஆத்திரத்தோடு தள்ளுவதுபோல் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். கண்ணாடியை வைத்திருந்த மூடிய கூண்டுக்குள் யாரும் இல்லை.

2.51. மேலாளர் தேவகுமார் போனில் கூப்பிட்டார்.

“மூணு மணிக்குள்ள முழுப் பச்சையா கிளீன் படம் வரணும்லா. இல்லன்னா உன் வேலை நிரந்தரமாகறத மறந்துடு.”

“சார், இங்க என்னமோ...”

“கத சொல்லாத.”

ஒன்றரை வருடமாக அந்த நிரந்தர வேலைக் கடிதத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். மொத்தம் ஏழு முறை. ஏழு முறையும் டிக்... டிக். கைகள் போயின. நெற்றி வந்தது. மூக்கு. திறந்த வாய்.

2.57. செய்யக் கூடாததைச் செய்தாள். ‘இதுதான் சரியான வடிவம்’ என்று அந்த முகத்தையே மெஷினுக்குப் பதிவு செய்தாள். திரை முழுக்கப் பச்சை. படத்தை அனுப்பினாள். அப்பாடா என்று சாய்ந்தாள்.

3.06. பச்சையில் நீலம்.

குழி. அதே நெற்றி. அதே வாய்.

முகம் இருப்பதுதான் சரி என்று சொல்லி வைத்திருந்தாளே. அப்படியானால், குழி விழுந்தால்...

முகம் அங்கே இல்லை.

டிக்.

சத்தம் கூண்டிலிருந்து வரவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

எப்படி வெளியே ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். அதே அறை. கடிதத்தைப் பிடித்தபடி நின்றவளிடம் பராமரிப்பு பார்க்கும் குணாளன் வந்தான்.

“சாரிக்கா. மோட்டாருக்கெல்லாம் கரண்ட் போற கேபிள ரிப்பேருக்கு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன், சொல்ல மறந்துட்டேன். முந்தாநாள்லேருந்து புக்கிட் மெர்தாஜாம்ல என் காடி பின்சீட்டுலதான் கிடக்கு. நேத்து மோட்டார் ஒண்ணும் ஓடியிருக்காதே?”