சுருமாச் சிமிழில் மாலிப்டினம்

போன வாரம் எங்கள் வாசற்கதவுத் தாழ்ப்பாளின் கிறீச் சத்தம் தாங்காமல் பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் பையிலிருந்து ஒரு கறுப்புப் பொடியை எடுத்தார். எனக்குப் பகீரென்றது. அதே மாலிப்டினம் டைசல்பைடு!

பொடிக்கு என்ன பயம் என்கிறீர்களா?

எண்பதுகளில் நான் படகு எஞ்சின் மெக்கானிக். பழவேற்காடு ஏரியில் ஓடும் காதர் பாயின் படகு என் பொறுப்பு. உப்புக் காற்றில் எஞ்சின் லீவர் இறுகிப்போகும். கிரீஸ் தடவினாலோ மணல் ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் இந்தப் பொடி. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். லேசாகத் தேய்த்தாலே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். எண்ணெயே வேண்டாம். மின்சாரத்தை முழுசாக விடவும் விடாது, அடியோடு தடுக்கவும் தடுக்காது... செமிகண்டக்டராம். படித்தவர்கள் சொன்னார்கள். நமக்கு வழுக்கினால் போதும்.

ஒரு பொட்டலம் கொடுத்து, “ஈரம் படாம வையுங்க பாய்” என்றேன். கண்ணில் படக்கூடாது என்று சொன்னேனா? இல்லை.

பாய் வீட்டில் ஈரமே படாத இடம் எது? கண்ணுக்கு மை போலத் தீட்டும் சுருமா வைக்கிற, காலியாகக் கிடந்த பித்தளைச் சிமிழ்! அதில் கொட்டி மூடியவர், மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கணவர் வரும் நேரம். பாயின் மனைவி ஜமீலா அக்கா குளித்து, சிமிழைத் திறந்து, கணவர் புதுச் சுருமா வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு கண்ணில் தீட்டிவிட்டார்.

படகில் இருந்த என்னிடம் பாய் ஓடி வந்தார். “தம்பி... அந்தப் பொடி கண்ணுல பட்டுட்சி. கண்ணு போயிடுமா?”

படகிலிருந்து குதித்து அவரோடு ஓடினேன். “நல்ல தண்ணி ஊத்துங்க பாய்!”

குடம் குடமாக ஊற்றினோம். பிறகு பஸ் பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரி. நாலு பேர் முன்னால் மனைவியோடு பேசவே கூச்சப்படும் பாய், வழி நெடுக அக்காவின் கையை விடவில்லை.

“நான்தான் சொல்லாம வச்சிட்டேன் ஜமீலா...” தேம்பினார்.

“இன்னாத்துக்கு அழுவுறீங்க? இன்னொரு கண்ணால உங்களப் பாத்துக்கினுதானே வரேன்!”

அவர் அழுகை நின்றதோ இல்லையோ, பின்சீட்டில் நான் அழ ஆரம்பித்தேன்.

உடனே கழுவியதால் கண் தப்பித்தது என்றார் டாக்டர். சிவப்பு வடிந்த பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர்கள் வீட்டுத் தாழ்ப்பாளும் கிறீச்சிட்டது.

“அக்கா, இதுக்காவது அந்தப் பொடியப் போடட்டுமா?”

“ஐயோ வாணாம் தம்பி! அது கத்தினாத்தான் அவரு ஏரிலேர்ந்து வந்துட்டாருன்னு எனக்குத் தெரியும்.”

பூட்டுக்காரரைப் பொடியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன். கத்தட்டுமே... எங்கள் வீட்டிலும் கேட்பதற்கு ஒருத்தி இருக்கிறாள்!