ராணுவ வாகனம் – கடற்கரையில் இறக்குதல் – தொடர்பாக

முப்பத்துநான்கு ஆண்டு அரசுப் பணியில் நான் எழுதிய கடிதங்களில் 'பொருள்' என்ற வரி ஒருமுறைகூடப் பிசகியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காரியத்துக்காக எழுதிய முதல் கடிதத்திலேயே பிசகியது.

அரசுக் கடிதம் வாசித்துப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அனுப்புநர், பெறுநருக்குக் கீழே 'பொருள்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே இரண்டு பக்கத்துக்குக் கடிதம் இருக்கும். பொருளை எல்லோரும் படிப்பார்கள். கடிதத்தை எழுதியவர் மட்டும் படிப்பார், அதுவும் தட்டச்சுப் பிழை பார்ப்பதற்காக. இந்த வழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என் பிரிவில் அதை விதியாகவே வைத்திருந்தேன். பொருளைப் பார், யார் தலையில் கட்டலாம் என்று முடிவு செய், அனுப்பு. கோப்பு நகரும் வேகத்துக்காக ஒருமுறை பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறேன். அதையும் யாரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் மைத்துனன் குடிவந்தான். மனைவியின் தம்பி. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் ஓய்வுக்குப் பிறகு காசிக்குப் போவார்கள், அல்லது சர்க்கரை வியாதியை வளர்ப்பார்கள். இவன் ஆவடிப் பக்கம் நடந்த ஏலத்துக்குப் போய் ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை வாங்கி வந்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பனியிலும் பாலைவனத்திலும் ஓடியதாம். எங்கள் தெருச் சாக்கடைப் பாலத்தில் மட்டும் திரும்ப மறுத்தது.

பச்சை நிறத்தில் வெளியார் வண்டி வைத்திருக்கக் கூடாது என்று பதிவு செய்யும் இடத்தில் சொன்னதால், அழாத குறையாக அதற்கு வான நீலம் அடித்தான். என்ன நிறம் அடித்தால் என்ன, ஏலக் காகிதத்தில் அது ராணுவ வாகனம். காகிதத்தில் இருப்பதை வர்ணம் மாற்றாது.

அந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை, மீன்காரம்மா சொல்லும் வரை. வாரத்தில் இரண்டு நாள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் அவர். ஒரு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மைத்துனனிடம் கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, இது மணல்ல போவுமா?"

"ராஜஸ்தான் மணல்லயே போயிருக்கும்மா."

"ராஜஸ்தான் கெடக்கட்டும். எங்கூரு மணல்ல போவுமா? என் வூட்டுக்காரரு படவ இஸ்துக் குடுப்பியா?"

விஷயம் இதுதான். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு ஃபைபர் படகு. அங்கே துறைமுகம் கிடையாது. கடலிலிருந்து வந்ததும் படகைக் கரையேற்றிவிட வேண்டும். முன்பெல்லாம் பத்துப் பேர் கைகொடுப்பார்கள். இப்போது பெரிய மகன் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை. சின்னவன் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மற்ற வீடுகளிலும் இதே கதை. கணவருக்கோ குடலிறக்க அறுவை முடிந்திருந்தது. குப்பத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரே டிராக்டரையும் உப்பு தின்றுவிட்டது. நல்ல நாளில் படகை அலைக்கு நாலு முழம் மேலே நிறுத்திச் சமாளித்துவிடுவார்கள். ஐப்பசியில் கடல் பொங்கினால் நாலு முழம் போதாது. போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுக்காரர் படகு அப்படித்தான் இரண்டாகப் பிளந்தது. அவர் இப்போது புதுப்பட்டினத்தில் ஒரு கடை வாசலில் காவல் இருக்கிறார்.

"நாளைக்கே வரேன்" என்றான் மைத்துனன்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அனுமதி வாங்காமல் பொதுக் கடற்கரையில் வண்டி இறக்கினால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். முறைப்படி செய்வோம். ஒரே மாதம்."

மீன்காரம்மா என்னைப் பார்த்தார். "சாரு கவர்மெண்டுல இருந்தவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த வார்த்தைக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன். அப்போது பெருமைப்பட்டேன்.

மாசி மாதத்தில் விண்ணப்பம் எழுதினேன். இரண்டு பக்கம். படகின் நீளம், வண்டியின் எடை, மீனவர் வாழ்வாதாரம், எல்லாம் பத்தி பிரித்து. பொருள் வரி சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி. 'பழைய' என்ற சொல்லை எடுத்தேன்; அரசுக்குப் பழையது புதியது கிடையாது. 'படகு இழுப்பதற்காக' என்பது நீளமாக இருந்தது, அதையும் எடுத்தேன். மிஞ்சியது இது: 'ராணுவ வாகனம் – கடற்கரையில் இறக்குதல் – அனுமதி கோருதல் – தொடர்பாக.'

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. படகை இறக்குவது, லாரியை மணலில் இறக்குவது, இதெல்லாம் அந்தக் கரையில் தினமும் புழங்குகிற பேச்சு. விண்ணப்பத்தை நான்கு அலுவலகங்களுக்கு அனுப்பினேன். அவற்றின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்கு ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மீனைப் பார்க்கிற அலுவலகம், ஆமையைப் பார்க்கிற அலுவலகம், கோட்டையைப் பார்க்கிற அலுவலகம், கரையைப் பார்க்கிற அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கும் பொருளைப் படித்தன. நான்கும் ஒரே முடிவுக்கு வந்தன. அணுமின் நிலையத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் ராணுவம் இறங்கப் போகிறது. இதை நம் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான்கும் சதுரங்கப்பட்டினம் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டன. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் ஒரு நாள் முன்னதாகவே.

ஒரு காலை ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் பொருள் வரி மட்டும் எழுதிய துண்டுத்தாள்.

"சார், எறக்குறது எப்போ சார்?"

"அனுமதி கொடுத்ததும்."

"எத்தினி பேரு எறங்குறாங்க?"

"டிரைவர் ஒருத்தர்தான்."

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "சார், எங்கிட்ட மறைக்காதீங்க. மேல கேக்கறாங்க. கப்பல்ல வராங்களா, மேலேர்ந்து குதிக்கறாங்களா?"

அவரை அழைத்துக்கொண்டு போய் மைத்துனன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வான நீல லாரி, கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்க, பின்பக்கத்தில் என் மனைவியின் வடகம் காய நின்றுகொண்டிருந்தது. ஏட்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

"இதுவா சார் ராணுவம்?"

"ராணுவ வாகனம்."

"பேஜாராப் போச்சு சார். ரெண்டு நாளா நாஸ்தாகூட துன்னாம அலைஞ்சிகினு கீறேன்."

மைத்துனன் அவருக்கு மோர் கொடுத்தான். அவர் வடகத்தையும் சேர்த்து அறிக்கை எழுதினாரா என்று தெரியாது. மேலிடம் அமைதியானது. ஆனால் கோப்பு அமைதியாகிவிட்டால் அது கோப்பில்லையே. பொருள் வரியைத் திருத்தி நான் அனுப்பிய கடிதத்துக்குப் புது எண் போட்டார்கள். இப்போது அலுவலகக் கணக்கில் இரண்டு வண்டி: ஒன்று ராணுவ வாகனம், இன்னொன்று திருத்தப்பட்ட வாகனம். இரண்டும் ஒன்றுதான் என்று சான்று கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வண்டி ஒரே வண்டிதான் என்று சான்றளிக்கும் அதிகாரி யார் என்று எனக்கே தெரியாமல் போனது அதுதான் முதல் முறை.

ஒவ்வொரு அலுவலகமாக ஏறினேன். மீனைப் பார்க்கிறவர்கள், மீன் படகில் இருக்கும் வரைதான் தங்கள் பொறுப்பு, கரையேறிய படகு வெறும் பொருள் என்றார்கள். கோட்டையைப் பார்க்கிறவர்கள், லாரியின் அதிர்வில் கரையோரத்து டச்சுக்காரன் கோட்டைச் சுவருக்குச் சேதம் வருமா என்று கேட்டார்கள். பீரங்கிக் குண்டு வாங்கிய சுவர் அது. ஆமையைப் பார்க்கிறவர்கள் நியாயமாகவே பேசினார்கள்: ஆமை முட்டையிடும் மாதங்களில் வண்டி கூடாது. ஒப்புக்கொண்டேன். அந்த நான்கில் கடற்கரையை நேரில் பார்த்திருந்தவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

கரையைப் பார்க்கிற அலுவலகத்தில் மட்டும் கடல் எதுவரை ஏறிவரும் என்று கோடு போட்ட வரைபடம் கேட்டார்கள். அது எங்கே கிடைக்கும் என்றேன். "இங்கதான் சார் இருக்கும். ஆனா நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும்" என்றார் இளநிலை உதவியாளர்.

அவரே வெளியே தேநீர்க் கடையில் உண்மையைச் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாமல்லபுரத்துல சினிமாக்காரன் ஜெனரேட்டர் வண்டிய மணல்ல எறக்குறான். குதிர ஓடுது. ஐஸ் வண்டி நிக்குது. யாராச்சும் கேட்டாங்களா? நீங்க கேட்டீங்க. கேட்டா நாங்க இல்லன்னுதான சார் சொல்லணும்?"

இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம், இவ்வளவு நேர்மையில்லாமல், சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

சித்திரை போனது, ஆடி போனது. மீன்காரம்மா கூடையை இறக்கும்போதெல்லாம் கேட்பார்: "இன்னா சாரு, காயிதம் வந்துச்சா?" புரட்டாசியில் கேட்பதை நிறுத்திவிட்டார். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. மைத்துனனும் என்னோடு அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும், "மாமா, பார்டர்ல சண்ட வந்தப்போகூட இவ்ளோ பேப்பர் இல்ல" என்றான்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று வானொலி சொன்ன அதே காலை. பதினான்கு நிபந்தனைகள். வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றையும் படித்தேன். ஒன்பதாவது நிபந்தனை: வாகனம் கடல் ஏறிவரும் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் செல்லலாகாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும், ஒரு கைப்பம்பும், நாய்களும் இருக்கின்றன. படகு அந்தப் பக்கம்.

இருந்தாலும் லாரியில் ஏறிக்கொண்டோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. குப்பத்துத் தார்ச்சாலை நேராகப் போய் மணலில் முடிகிறது. அந்த முனையில் வண்டியை நிறுத்தினான். கீழே அலை படகின் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. என்ஜினை மட்டும் கழற்றி மேலே கொண்டுவந்திருந்தார்கள். கணவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் படகின் மேல் வைத்தபடி நின்றார். ஏதோ அவர் கை வைத்தால் கடல் தயங்கும் என்பதுபோல.

"எறக்கட்டுமா மாமா?" என்றான் மைத்துனன்.

கையில் உத்தரவு. சாலையோரத்தில் மழைக்கோட்டோடு அதே ஏட்டு. புயலுக்காக மக்களை மேலே போகச் சொல்ல வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்காத மாதிரி இருக்கவும் அவருக்கு ஒரு அளவு இருக்கும். "ஒன்பதாவது நிபந்தனை..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா எழுதிகீது, படி" என்றார் மீன்காரம்மா.

படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். உத்தரவும் தமிழில்தான் இருந்தது.

"அப்போ ரோட்டுல நிக்கலாமா?"

"ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

"அப்போ வண்டி ரோட்டுலயே நிக்கட்டும். கவுறு போவட்டும் மணல்ல. கவுத்துக்கு பர்மிசன் வோணுமா?"

நான் யோசித்தேன். மழையில் நின்றுகொண்டு, முப்பத்துநான்கு ஆண்டுகளாகப் படித்த விதிகளையெல்லாம் புரட்டினேன். கயிற்றைப் பற்றி எதுவும் இல்லை.

கரைவலைக் கயிறு ஒவ்வொரு வீட்டிலும் சுருட்டிக் கிடந்தது. அந்த வலையை இழுக்க ஐம்பது பேர் வேண்டும். ஆளில்லாமல் கயிறுகள் சும்மா இருந்தன. நான்கைக் கொண்டுவந்து இரட்டைப் பிரியாகப் போட்டு முடிந்தார்கள். ஒரு முனை படகின் மூக்கில், மறுமுனை லாரியின் முன்கொக்கியில். மைத்துனன் பின்பக்கமாக, ஊரை நோக்கி, ஓர் அடி ஓர் அடியாக நகர்த்தினான். கயிறு மணலிலிருந்து எழுந்து விறைத்தது. படகு அசையவில்லை. ஓர் அலை வந்து அதைப் பக்கவாட்டில் தள்ளியது. கணவர் ஏதோ கத்தினார். அடுத்த அலை அடியில் புகுந்து தூக்கிய நொடியில் லாரி உறுமியது. படகு வந்தது.

"சாரு, இன்னா நின்னுகினு கீற? கட்டையப் போடு, கட்டைய!"

உருளைக் கட்டைகளைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட வேண்டும். இரண்டு பெண்கள், ஏட்டு, நான். ஏட்டு எப்போது மழைக்கோட்டைக் கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கட்டை போடத் தெரியாது. முதல் கட்டையைக் கோணலாகப் போட்டேன். "நேரா, நைனா, நேரா!" என்று பின்னாலிருந்து யாரோ திட்டினார்கள். அரசுப் பணியில் என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை, திட்டியிருக்க வேண்டிய பல சந்தர்ப்பங்கள் இருந்தும்.

படகு கைப்பம்பைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு ஓரமாக வந்து நின்றது. கணவர் அதை மூன்று மரத்தில் கட்டினார். பிறகு மற்ற படகுகளுக்கும் அதே கயிறு போனது. மதியத்துக்குள் ஏழு.

"இதை மாசியிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"எங்கள யாரு கேட்டாங்க? நீங்கதான் எழுதிகினு இருந்தீங்க."

சாலையை லாரி அடைத்துக்கொண்டு நின்றதில், பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஊராட்சிச் சாலையைக் கனரக வண்டியால் மறிக்க யாரிடம் கேட்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மைத்துனன் என் முகத்தைப் பார்த்தான். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தோம். படகு நின்றிருந்த பழைய இடத்தில் கடல் இருந்தது. கைப்பம்பின் கைப்பிடி வரை அலை எறிந்த கடற்பாசி. படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான் நடந்து அளந்தேன். ஆறு அடி. கணவர் படகுக்குள் உட்கார்ந்து வலைக் கண்ணியைச் சீர்செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து, உட்கார இடம் விட்டார்.