உப்பு அம்பாரத்தின் முன் விசா படம்

முத்தையாபுரம் உப்பளச் சாலையில் என் கார் பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டுகிறார். பன்னிரண்டு மணிக்குள் ஜப்பான் சுற்றுலா விசா விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். பிறந்தது தூத்துக்குடி என்றாலும் வசிப்பது மஸ்கட் என்பதால் அங்கேதான் விசா கேட்க வேண்டுமாம். நாளை மறுநாள் அங்கே நேர்காணல். எல்லாம் தயார், வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் மட்டும் இல்லை.

என் புலம்பலைக் கேட்ட உப்பளத்து அக்கா ஒருவர் தலைக்கூடையை இறக்குகிறார்.

“இதுக்கா தம்பி இந்த முழி முழிக்க? இந்தா, மலை மாதிரி அம்பாரம் நிக்குல்லா. அது முன்னால நில்லு.”

உப்புக் குவியல் முன் நிற்கிறேன். தெறிக்கிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கண் மூடிய படம் செல்லாது.

“மூடிக்கோ. மூணு சொல்லுதேன், படக்குன்னு தொற.”

ஏழாவது தடவையில் என் போனில் அக்கா என்னைப் பிடித்துவிடுகிறார். படத்தை ஏற்றுகிறேன். உடனே சிவப்பு எழுத்தில் பதில் வருகிறது: ‘நிராகரிக்கப்பட்டது. பின்னணியில் வெண்மை மிக அதிகம்.’

வாசித்துக் காட்டுகிறேன். அக்கா இடுப்பில் கைவைத்து அம்பாரத்தைப் பெருமையோடு பார்க்கிறார்.

“இருவது வருசமா வெள்ளை பத்தாதுன்னுதான் உப்பு வாங்க வார ஏவாரி குறை சொல்லுதான். அந்த எழுத்த அப்படியே என் போனுக்கு அனுப்பு தம்பி, அவங்கிட்ட காட்டணும்.”