எதுக்க வந்து லைட்டடிச்ச நீல வண்டி

பேயாவது பிசாசாவதுன்னு பேசுற ஆளு தம்பி நானு. எங்க தெருவுல எவளாச்சும் அருள் வந்து ஆடுனா, மொதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வாடி, தெம்பா ஆடலாம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். அரியலூர்ல யார வேணா கேட்டுப் பாருங்க, மாவு மில்லு செல்வியா, அதக் கண்டா பேயே பயந்து ஓடிரும்பாங்க. அப்புடியாப்பட்ட நான் சொல்றேன், நீங்க நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. அந்த அமெரிக்கா கம்பெனி வண்டியில ஒண்ணு செகண்ட்ஸ்ல எடுக்கப் போறேன், எப்புடி இருக்கும்னு நீங்களா வந்து கேட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் வாயத் தொறக்குறேன்.

வண்டியக் குத்தம் சொல்ல மாட்டேன், அத மொதல்லயே சொல்லிர்றேன். எங்க வூட்டுக்காரரு குமரேசனுக்கு அந்த வண்டின்னா உசுரு. ஊர்ல அவனவன் ஜப்பான் வண்டி, கொரியா வண்டின்னு வாங்கிட்டுத் திரியுறப்ப இவரு மட்டும் எனக்கு இதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஏங்க, அந்தக் கம்பெனிக்காரனே ஃபேக்டரிய மூடிட்டு ஊரப் பாக்கப் போயிட்டான், நாளைக்கு ஒரு நட்டு போல்ட்டு வேணும்னா அமெரிக்காவுக்கா ஓடுவீங்கன்னு கேட்டேன். கேட்டது தப்பாப் போச்சு. நூறு வருஷத்துக்கு முந்தி அங்க ஒரு விவசாயி வூட்டுப் புள்ள வயல்ல எறங்க மாட்டேன்னு மிஷின நோண்டிக்கிட்டே கெடந்து ஆரம்பிச்சதாம், பணக்காரன் மட்டும் போன கார்ல கூலிக்காரனும் போவட்டும்னு வரிசையா வச்சு செஞ்சுத் தள்ளுனானாம், அப்பறம் நம்ம மெட்ராஸ் பக்கத்துல வந்து ரொம்ப வருஷம் ஓட்டுனானாம், எனக்கு சோறு வடிக்கிற நேரமே போயிருச்சு. கடைசில, கதவச் சாத்திப் பாரு செல்வி, பீரோவ சாத்துன மாதிரி இருக்கும் பாருன்னாரு. சாத்திப் பாத்தேன், அப்புடித்தான் இருந்துச்சு, சரின்னு வுட்டுட்டேன். நீலக் கலரு.

அந்த வண்டி வச்சிருக்கறவங்க எல்லாம் வாட்சப்புல ஒரு குரூப்பு வச்சிருக்காங்க. கம்பெனி போனதுலேருந்து இவங்க ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான் மாதிரி ஆயிட்டாங்க, எங்க எந்த சாமான் கெடைக்கும்னு அதுலதான் சொல்லிக்குவாங்க. ரோட்டுல எதுக்க அதே வண்டி வந்தா ரெண்டு தடவ லைட்ட அடிக்கணும், அவரும் ரெண்டு தடவ அடிப்பாரு. முன்னப் பின்ன தெரியாத ஆளா இருந்தாலும் சரி. அதுல எங்க வூட்டுக்காரருக்கு வர்ற சந்தோஷத்தப் பாக்கணுமே, என்னமோ கலெக்டரு வணக்கம் வச்ச மாதிரி.

இப்புடி இருக்கறப்ப ஒரு நாளு ஆலத்தியூர் பக்கம் வண்டிய ஓரமா நிறுத்திட்டு நாங்க கடைக்குள்ள போயிருக்கோம், ஒரு சிமெண்ட் லாரிக்காரன் ரிவர்ஸ் எடுக்கறேன்னு எங்க வண்டியோட எடது பக்க முன் கதவ அப்பளமா நொறுக்கிட்டான். நான் உக்காருற பக்கம். புதுக் கதவு எங்கயும் கெடைக்கல. மாசக்கணக்கா கயித்தக் கட்டிக்கிட்டு ஓட்டுனோம். அப்பறம் குரூப்புலதான் ஒருத்தர் சொன்னாரு, துறையூர் பக்கம் பழைய இரும்பு யார்டுல அடிபட்ட வண்டி ஒண்ணு கெடக்கு, அதே மாடல், அதே நீலம், எடது பக்கம் கீறல் கூட இல்லன்னு. இவரு போயி கதவக் கழட்டிக்கிட்டு வந்துட்டாரு. எங்க மெக்கானிக்கு சலீம் பாய் மாட்டிக் குடுத்துட்டு, அக்கா, உசுரு போன வண்டியோட கதவு, எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுருங்கன்னாரு. எலுமிச்சம்பழத்த சுத்திப் போடுறதுக்கு ஜூஸ் போட்டுக் குடிச்சா ஒடம்பாச்சும் குளுரும் பாய்னு நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சிட்டாரு.

அதுக்கப்பறம் கொஞ்ச நாள்லயே செட்டிகுளம் முருகன் கோயில்ல எங்க நாத்தனா புள்ளைக்கு மொட்டை போட்டு காது குத்து. இவருதான் தாய்மாமன், இவரு மடியில வச்சுத்தான் குத்துனாங்க. புள்ள வீல்னு கத்துது, இவரு அதோட மண்டையில சந்தனத்தத் தடவிக்கிட்டே இருக்காரு, எல்லாரும் சாப்புட எந்திரிச்சுப் போன பொறவும் புள்ளையக் கீழ வுடல. நான்தான் வாங்கி அது ஆத்தாகிட்ட குடுத்தேன். சாப்புட்டு ரெண்டு பேரும் கெளம்புறப்ப உச்சி வெயிலு. அர்ச்சனைப் பை என் மடியில. வண்டில ஏறுனதுலேருந்து மனுசன் ஒண்ணும் பேசல, சாப்பாட்டு மயக்கம்னு நெனச்சேன்.

செட்டிகுளத்துலேருந்து மெயின் ரோட்டுக்கு வர்ற ரோடு, ரெண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆளு ஒசரத்துக்கு நிக்கிது. ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்க ஒரு வண்டி வருது. இதே வண்டி, இதே நீலம். ரெண்டு தடவ லைட்டடிச்சிச்சு. இவரு மொகம் அப்பத்தான் மலர்ந்துச்சு, இவரும் ரெண்டு தடவ அடிச்சாரு. அது எங்களத் தாண்டிப் போறப்ப நான் பாத்தேன் தம்பி. ஓட்டுறவன் இருந்தான், மூஞ்சி சரியாத் தெரியல. ஆனா அவனத் தாண்டி அந்தப் பக்கம் சோளத்தட்டை தெரியுது. கண்ணாடி வழியா இல்ல, அடி வரைக்கும் தெரியுது. அந்த வண்டிக்கு எடது பக்கக் கதவே இல்ல. என்னங்க, அந்த வண்டியப் பாத்தீங்களான்னு நான் திரும்பிப் பின்னாடி பாக்குறேன், நேர் ரோடு, வளைவு இல்ல, வண்டியும் இல்ல.

பதில் வரலியேன்னு இவரு பக்கம் திரும்புனேன், அவ்ளதான். பளார்னு ஒரு அறை. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளாக் கைய ஓங்குனது இல்ல, ஒரு வாடி போடின்னு கூப்புட்டது இல்ல, அந்த மனுசன் என் கொண்டையைப் புடிச்சு டேஷ்போர்டுல மோதுறாரு. ஒரு தடவ இல்ல, மாத்தி மாத்தி மோதுறாரு. முன் பல்லு ஒண்ணு ஒடஞ்சு நாக்குல குத்துது, வாயெல்லாம் ரத்தம். வலது கை ஸ்டியரிங்குல, காலு ஆக்சிலேட்டர்ல, வண்டி பறக்குது. எறங்குடி, எறங்குடின்னு கத்துறாரு. நான் கத்துறேன், ஏங்க, நான் செல்விங்க, உங்க செல்விங்கன்னு. காதுலயே வாங்கல. என் பெல்ட்ட அவரே அமுக்கிக் கழட்டி வுட்டாரு.

அப்பத்தான் அந்தக் கதவு தொறந்துச்சு. சத்தியமா சொல்றேன், என் கையும் படல, அவரு கையும் படல. ஓடுற வண்டில கதவு தொறந்தா காத்தே அடிச்சுச் சாத்திரணும்ல? அது விரிஞ்சபடிக்கே கெடக்கு, வெளியில யாரோ புடிச்சிக்கிட்டு கூடவே ஓடியார மாதிரி. என்னை முழங்கையால விலாவுல இடிச்சு இடிச்சுத் தள்ளுறாரு. எடது காலு வெளிய போயிருச்சு, செருப்பு பிச்சிக்கிட்டுப் போயி, குதிகால் தார் ரோட்டுல தேயிது, தோலு உரியுறது எனக்குத் தெரியுது. தலையைப் புடிச்சு வெளிய அமுக்குறாரு. ரோடு மூஞ்சிக்குப் பக்கத்துல ஓடுது. செத்தோம், இந்த மனுசன் கையாலயே செத்தோம்னு நெனச்சேன். பயத்த வுட ஆத்திரந்தான் தம்பி அதிகமா வந்துச்சு. அர்ச்சனைப் பை கையில மாட்டிக்கிட்டு இருந்துச்சு, உள்ள கைய வுட்டு தேங்கா மூடிய எடுத்து அவரு நெத்திப் பொட்டுலயே ஓங்கி அடிச்சேன். புருசனாச்சேன்னு பாக்கல. திரும்ப அடிச்சேன். ரத்தம் பீச்சி என் கண்ணுல தெறிச்சுது.

வண்டி ரோட்ட வுட்டு எறங்கி, சோளத்தையெல்லாம் சாச்சுக்கிட்டுப் போயி ஒரு மோட்டார் கொட்டா செவுத்துல மோதி நின்னுச்சு. அந்தக் கதவு பிச்சிக்கிட்டு எங்கயோ போயி வுழுந்துச்சு. நான் பாதி உள்ள பாதி வெளிய தொங்குறேன். இவரு மெதுவாத் தலையத் தூக்கி என்னப் பாக்குறாரு. செல்வி, அய்யோ, யாரு ஒன்னை அடிச்சாங்கன்னு கேக்குறாரு. தன் நெத்தியில வழியுற ரத்தத்த தொடக்கல, என் வாயத் தொடச்சு வுட்டுக்கிட்டே குலுங்கிக் குலுங்கி அழுவுறாரு. லைட்டடிச்சது வரைக்குந்தான் அவருக்கு ஞாபகம் இருக்கு.

பெரம்பலூர் ஆஸ்பத்திரில ஆடு குறுக்க வந்துருச்சுன்னு சொல்லி ரெண்டு பேரும் தையல் போட்டுக்கிட்டோம். வெசயத்தக் கேட்டதும் சலீம் பாய் அந்த யார்டுக்காரனப் போன்ல புடிச்சு உலுக்குனப்பறந்தான் அவன் கக்குனான். அந்த வண்டிக்காரன் பொண்டாட்டிகூட சண்ட போட்டு, ஓடுற வண்டிலேருந்து அவளத் தள்ளிக் கொன்னுட்டு, வண்டிய லாரில கொண்டு போயி வுட்டு தானும் செத்துட்டானாம். அவ விழுந்த கதவுதான் எங்க கதவு. பாய் சொன்னாரு, உச்சி வேளையில யாரோ பேரச் சொல்லிக் கூப்புட்டா ஒரு தடவைக்கே ஏன்னு கேக்கக் கூடாதும்பாங்கள்ல அக்கா, லைட்டப் போட்டுக் கூப்புட்டா மட்டும் பதில் குடுக்கலாமான்னு. எனக்கு அப்ப சிரிப்பு வரல. வண்டிய அந்த நெலமையிலயே குடுத்துட்டோம், இப்ப ரெண்டு பேரும் பஸ்ஸுலதான் போறோம்.

இதெல்லாம் எல்லார்கிட்டயும் சொன்னதுதான். எங்க நாத்தனா சிறுவாச்சூர் கோயில்ல மாவிளக்கு போட்டா, அண்ணன் உசுரோட வந்துச்சேன்னு. ஒண்ணை மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லல, உங்களத் தெரியாதுங்கறதால சொல்றேன். என் தலையை வெளிய அமுக்குறப்ப அவரு இன்னொண்ணும் சொன்னாரு. வவுத்துல புள்ளைய வச்சுக்கிட்டு அரிசி மூட்டையத் தூக்குனியேடி, கொன்னுட்டியேடி, அப்புடின்னாரு.

எங்களுக்கு ஒண்ணு தங்கி, ஏழாம் மாசம் போயிருச்சு தம்பி. அன்னிக்கு மில்லுக்கு ஆளு வரல, நான்தான் ஒரு மூட்டைய நவுத்துனேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரம்மா அடிச்சுச் சொன்னாங்க. நான் மூட்டையில கை வச்சது எனக்கும் அவருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதுக்கப்பறம் இத்தன வருசத்துல அவரு அதப் பத்தி வாயே தொறந்தது இல்ல, ஏன் அப்புடிப் பண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டது இல்ல. துறையூர் பக்கம் செத்தவனுக்கு எங்க வூட்டு மூட்ட எப்புடித் தெரியும், சொல்லுங்க?

நான் அவருகிட்ட இதக் கேக்கல, கேக்கவும் மாட்டேன். அந்தா, உள்ள மாவு சலிக்கிறாரு பாருங்க, நெத்தியில தழும்பு தெரியுதா. நான் ஒரு மூட்டையில கை வச்சாப் போதும், எங்க இருந்தாலும் ஓடியாந்து, நீ வுடு செல்வி, நான் தூக்குறேன்னு புடுங்கிக்குவாரு. அந்தப் புள்ள போனதுலேருந்தே அப்புடித்தான். மில்லுக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் கொடுத்து வச்சவடி நீன்னு சொல்லுவாளுங்க. நானும் பாசம்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.